நாலு பக்கத்திலும் ஒரே படம்

வைகாசி 18, ஞாயிறு

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மகள் வயிற்றுப் பேரன் கதிர்வேல்முருகன் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஆகிவிட்டான். அவன் தங்கை உமையாள் மதுரையில் கண் டாக்டருக்குப் படிக்கிறாள். இங்கே என் மகன் சங்கரலிங்கத்தின் பையன் குற்றாலநாதன் பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. மேல வீட்டு ஆவுடையம்மாளின் பேரனும் நூறுதான் என்கிறார்கள். அவன் டியூஷன் போனவன், இவன் போகாதவன். எல்லோருக்கும் மேலே செண்பகம். குற்றாலநாதனின் அக்காள். பி.காம். முடித்த கையோடு எங்கள் மாடி அறைகளை இன்டர்நெட்டில் போட்டு, அருவிக்கு வருகிறவர்கள் ஊரிலிருந்தே போனில் பார்த்துப் பணம் கட்டி வருகிற மாதிரி செய்துவிட்டாள். அப்பனுக்கு ஓடாத மூளை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வாய்த்த பேரப்பிள்ளைகள் இவர்கள். செண்பகமும் குற்றாலநாதனும் கோமதி டீச்சருக்கும் பேரப்பிள்ளைகள்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் என் மருமகள் அருணாவைப் பெற்றவர். ஆனால் கணக்கு மூளை எங்கள் பக்கத்தது.

இந்த டைரியைச் செண்பகம் கொடுத்தாள். நம் வீடு நாலு இடத்தில் இருக்கிறதாம். மூன்று கம்பெனிக்காரர்களின் வெப்சைட், நாலாவது நம் சொந்த வெப்சைட். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று ஊதா. நம்முடையது வெள்ளை. நாலிலும் விவரம் வேறுவேறாக இருப்பதால் வருகிறவர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். "நீங்க ஒண்ணொண்ணாப் படிச்சுப் பாத்து, எங்க எது தப்புன்னு எழுதி வைங்க ஆச்சி. வீட்டப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?" என்றாள். தமிழில் காட்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தவும் கற்றுக்கொடுத்தாள்.

அழுத்தினேன். மஞ்சள் பக்கத்தின் உச்சியில் எங்கள் வாசல். வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பது கோமதி டீச்சர். காலடியில் புள்ளி தப்பிய கோலம்.

மார்கழியில் நான் காலை முறித்துக்கொண்டு மகள் வீட்டில் நாலு மாதம் கிடந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வைகாசி 20, செவ்வாய்

மஞ்சளில் காலைச் சாப்பாடு எட்டு மணி. பச்சையில் ஏழரை. ஊதாவில் சாப்பாடே கிடையாது. நம் வெள்ளையில் "உளுந்தங்களி கிடைக்கும்" என்று இருக்கிறது, ஆனால் எந்தக் கிழமை என்று இல்லை.

மத்தியானம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நாயோடு வந்து இறங்கினார். கன்றுக்குட்டி உயரத்தில் நாய்.

"நாய் விடமாட்டோமே" என்றான் சங்கரலிங்கம்.

"இதைப் பாருங்க. வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி உண்டுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?"

பச்சையில் அப்படித்தான் போட்டிருந்தது. செண்பகம் ஏதோ ஒரு கட்டத்தில் கை தவறித் தொட்டுவிட்டாளாம். நாய் மூன்றாம் அறையில் தங்கியது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர்களைவிடச் சுத்தம்.

வைகாசி 21, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. போர்வை காயவில்லை.

வைகாசி 25, ஞாயிறு

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். மூன்று அறையும் நிரம்பியிருக்கிறது. சீசனுக்குக் கைகொடுக்க டீச்சர் வந்திருக்கிறார். நான் கூப்பிடவில்லை, அருணா கூப்பிட்டிருக்கிறாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, "மதினி, கால் எப்பிடி இருக்கு? ஊனி நடக்கியளா?" என்றார்.

"நடக்கேன் டீச்சர். ஓடத்தான் முடியல" என்றேன்.

அவர் என்னை மதினி என்கிறார். நான் டீச்சர் என்கிறேன். பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சாயந்தரம் செண்பகம், வந்து போனவர்கள் எழுதியதைப் படித்துக் காட்டினாள். மஞ்சள் பக்கத்தில் ஈரோட்டுக்காரி ஒருத்தி, "டீச்சர் அம்மாவின் சுக்குக் காப்பிக்காகவே மறுபடி வருவோம்" என்று எழுதியிருக்கிறாள். கீழே ஐந்து நட்சத்திரம்.

அந்தச் சுக்குக் காப்பியில் மல்லியை வறுத்துப் போடுவது யார் கைப்பக்குவம் என்று ஈரோட்டுக்காரிக்கு எப்படித் தெரியும்? அருணாவின் வளைகாப்புக்கு வந்தபோது என் அடுப்படியில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

"என்ன ஆச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லட்டி. புகை."

வைகாசி 27, செவ்வாய்

இன்று உட்கார்ந்து நாலையும் சரி செய்தோம். நான் சொல்லச் சொல்லச் செண்பகம் தட்டினாள். முதலில் ஒரு சரியான படிவம் எழுதிக்கொண்டு அதையே நாலிலும் ஒட்டிவிடுவது என்று ஏற்பாடு. யோசனை என்னுடையதுதான். ஒரே மாவை நாலு தட்டில் ஊற்றினால் இட்லி நாலு விதமாகவா வரும்?

சாப்பாடு ஏழரைக்கு. உளுந்தங்களி வெள்ளிக்கிழமை மட்டும். நாய் கிடையாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெத்தையில் உட்காரக்கூடாது. வீட்டு அம்மாள் பெயர் உலகம்மாள். சுக்குக் காப்பி உலகம்மாள் கைப்பக்குவம். வாசலில் யார் படமும் வேண்டாம், வாசல் மட்டும் போதும்.

"டீச்சராச்சி படத்த எடுத்துரவா?"

"மத்த மூணுலயும் அந்தப் படம் இல்லல்லா? நாலும் ஒண்ணுபோல இருக்கணும்னு நீதான சொன்ன?"

எடுத்துவிட்டாள்.

கடைசியில் ஒரு வரி வந்தது. மஞ்சளில் மட்டும் இருந்தது. டீச்சர் போட்டது. "பின்பக்கம் ஓடைக்கு இறங்கும் கற்படியில் எண்ணெய்க் காலோடு இறங்க வேண்டாம். இந்த வீட்டு அம்மா அங்கே வழுக்கி விழுந்து கால் முறிந்தது."

பெயர்கூடப் போடவில்லை. சுக்குக் காப்பிக்கு அவர், வழுக்கி விழுவதற்கு நான்.

"இது நல்ல விசயந்தான் ஆச்சி. நாலுலயும் போட்டுருவமா?"

"வேண்டாம், எடுத்துரு. படி வழுக்கும்னு எழுதினா எவன் வருவான்?"

"டீச்சராச்சி யோசிச்சுத்தான்..."

"வீடு யாருதுட்டி?"

பிள்ளை அழுத்தினாள். இப்போது நாலும் ஒன்றுபோல் இருக்கின்றன. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே பேச்சு. ஐந்தாம் வகுப்பு படித்தவள் செய்த வேலை இது.

வைகாசி 30, வெள்ளி

உளுந்தங்களி கிண்டினேன். பானை வழித்துச் சாப்பிட்டார்கள். யாரும் எழுதவில்லை.

ஆனி 1, ஞாயிறு

கூட்டம். பேரருவியில் வெள்ளம் வந்து போலீஸ் அடைத்துவிட்டதால் எல்லோரும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நம் பின்பக்க ஓடைக்கு இறங்கிவிட்டார்கள். தலையணை உறையெல்லாம் எண்ணெய். நாலு பக்கத்திலும் எழுதியிருக்கிறது, எவன் படிக்கிறான்?

டீச்சருக்குப் புதிதாக ஒரு பழக்கம். விடிந்ததும் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேங்காய் நாரால் பின்படியைத் தேய் தேய் என்று தேய்க்கிறார். வேலைக்காரி இருக்கிறாள். இவர் எதற்கு? தேய்த்து முடித்ததும் மேல்படியில் ஒரு பலகையைப் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிடுகிறார். இறங்குகிறவர்களிடம் எல்லாம், "பாத்து எறங்குங்க, செவுத்தப் பிடிச்சுக்கங்க" என்று ஒரு பேச்சு. அவர்களும் "சரிங்க டீச்சரம்மா" என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். படத்தை எடுத்தால் என்ன, ஆளே போய் உட்கார்ந்தாயிற்று.

அருணாவிடம் சொன்னேன். "அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியாது அத்தை" என்றாள்.

எனக்கு மட்டும் சும்மா இருக்க முடிகிறதா?

ஆனி 4, புதன்

டீச்சர் செண்பகத்தின் போனை வாங்கி மஞ்சள் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு என்ன பயம்?

ஆனி 8, ஞாயிறு

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம். மகன், மருமகள், எழுபது வயது அம்மாள். அந்த அம்மாள் தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய். ஓடையில் ஒரு முங்கு போட வேண்டும் என்று ஆசை.

எனக்கு அடுப்படியில் தேங்காய் துருவ ஆள் வேண்டியிருந்தது. டீச்சரைக் கூப்பிட்டேன்.

"வேலைக்காரி வந்துருவா மதினி. இங்கன ஆள் எறங்கிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

"நீங்க அங்கன உக்காந்திருந்தாத்தான் ஓடை ஓடுமோ? சும்மா வாங்க."

வந்தார். இரண்டு மூடி துருவியிருப்பார். திருவலகை விட்டு ஒருமுறை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் எழுந்து ஓடினார். அறுபத்தெட்டு வயதுக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் மேல்படியிலிருந்து வழுக்கி வந்துகொண்டிருந்தார். டீச்சர் குறுக்கே விழுந்து பிடித்தார். இரண்டு பேருமாக நாலைந்து படி சறுக்கிப்போய்ச் சுவரோரம் நின்றார்கள். விருதுநகர் அம்மாளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. டீச்சருக்கு வலது மணிக்கட்டு.

அந்த மகன் கோபத்தில் குதித்தான். "ஒரு வார்த்தை எழுதி வைக்கக் கூடாதா? வயசானவங்க வர்ற எடம்னு தெரியாதா உங்களுக்கு?"

தென்காசியில் எலும்பு டாக்டரிடம் காட்டி மாவுக்கட்டுப் போட்டுவந்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். துருவிய தேங்காய் அப்படியே கிடந்தது. வேலைக்காரியிடம் சொல்லிக் கொட்டச் சொன்னேன். பிறகு வேண்டாம் என்று நானே எடுத்துச் சட்னி அரைத்தேன். ஆள் சாப்பிட வேண்டும் அல்லவா?

ஆனி 9, திங்கள்

காலையில் சங்கரலிங்கம் போனை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றான்.

"பின்படியப் பத்தி மஞ்சள் பக்கத்துல ஒரு வரி இருந்துச்சே. மாசி மாசம் நான் பாத்திருக்கேன். யாரு எடுத்தது?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். குனிவதற்கு முன் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

சொல்லத்தான் வாயெடுத்தேன். எடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நாந்தான் மாப்பிள்ளை எடுக்கச் சொன்னேன்" என்றார் டீச்சர். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பார்த்தபடி சொன்னார். "மத்த மூணுலயும் இல்ல. ஒண்ணுல மட்டும் இருந்தா வர்றவங்களுக்குக் கொழப்பமா இருக்கும்னு நெனச்சேன். பிள்ளைய வையாதீங்க."

"நீங்களா அத்தை? எழுதினதே நீங்கதானே?"

"எழுதினவங்கதான அழிக்கணும்?"

சங்கரலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மாமியாரை என்ன சொல்ல முடியும்?

பாருங்கள், பழியை ஏற்றுக்கொள்வதிலும் அவரே முந்திக்கொண்டார். எனக்கென்று ஒன்றை விட்டுவைக்கக் கூடாதா?

ஆனி 10, செவ்வாய்

சாப்பாடு செல்லவில்லை. மாத்திரை காரணமாக இருக்கும்.

ஆனி 12, வியாழன்

டீச்சருக்கு வலது கை இல்லை. அருணாவுக்கு அறை வேலை சரியாக இருக்கிறது. தலை வாரிவிட ஆள் வேண்டும். நானே வாரினேன். நல்ல அடர்த்தி, இந்த வயதிலும். எனக்கு எலிவால்.

"மதினி, இழுக்காதீங்க, வலிக்கி" என்றார்.

"சிக்கு இருந்தா இழுக்கத்தான் செய்யும்."

சிக்கை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறகு அவராகவே சொன்னார்.

"அருணா பொறந்து மூணு மாசத்துல எனக்குக் கடையநல்லூர்ப் பக்கம் மாத்தல். என் மாமியார்தான் வளத்தாவோ. ஊரார் பிள்ளைக்கெல்லாம் அ, ஆ சொல்லிக் குடுத்தேன். எம்பிள்ள மொதமொதல்ல எழுதினத நான் பாக்கல. இப்பச் செண்பகமும் காய்ச்சல் வந்தா உங்க சேலைய இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் படுக்கா. நாலு மாசம் நான் இங்க இருந்தேன்லா? தெனமும் ராத்திரி உங்களுக்குத்தான் போன் பண்ணுவா. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"நீங்க என்னத்துக்கு அத உக்காந்து கேக்கணும்?"

"பொறாமதான் மதினி. வேற என்ன?"

சிரித்துக்கொண்டு சொன்னார். நான் கொண்டையை முடிந்து ஊசியைக் குத்தினேன். கொண்டை நன்றாக வந்தது.

இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். தூக்கமும் நன்றாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஆனி 13, வெள்ளி

விருதுநகர்க்காரன் ஊருக்குப் போய் எழுதிவிட்டான். "பின்படி ஆபத்தானது. ஆனால் எங்கள் அம்மாவைத் தன் கையைக் கொடுத்துக் காப்பாற்றிய டீச்சரம்மாவுக்கு எங்கள் வணக்கம்." மூன்று நட்சத்திரம்.

நான் செண்பகத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை புகை எதுவும் இல்லை.

ஆனி 14, சனி

செண்பகத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"பின்படி வரி ஒண்ணு விட்டுப்போயிருக்கு. எழுது."

"விட்டுப்போயிருக்கா ஆச்சி?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"எழுதச் சொன்னா எழுதுட்டி."

சொன்னேன். அவள் தட்டினாள். "பின்பக்கக் கற்படி வழுக்கும். எண்ணெய்க் காலோடு இறங்காதீர்கள். இந்த வீட்டு உலகம்மாள் இங்கே விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அவள் சம்பந்தி கோமதி டீச்சர் வேறொருவரைப் பிடிக்கப்போய்க் கையை முறித்துக்கொண்டார். மூன்றாவதாக யாரும் வேண்டாம். கம்பி போட்டிருக்கிறோம், பிடித்துக்கொண்டு இறங்குங்கள்."

"கம்பி எங்க ஆச்சி போட்டிருக்கோம்?"

"உங்கப்பன் போடுவான். சாயந்தரம் சொல்லுதேன். நாலுலயும் ஒட்டு. ஒண்ணுலகூட விட்டுராத."

ஒட்டினாள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, தமிழ்ப் பொத்தானை அழுத்தி, விரலால் வரியைத் தொட்டுப் படித்துப் பார்த்தேன். மஞ்சளில் இருந்தது. பச்சையில் இருந்தது. ஊதாவில் கடைசி வாக்கியம் அறுந்து நின்றது, இடம் போதவில்லையாம். "என் பெயர எடுத்துட்டுக் கம்பிய உள்ள கொண்டா" என்றேன். பிறகு யோசித்து, "வேண்டாம். நாலும் ஒண்ணுபோல இருக்கணும். மெத்தையில உக்காரக்கூடாதுங்கிறதச் சுருக்கு" என்றேன்.

ஆனி 17, செவ்வாய்

கொல்லன் வந்து கம்பி அடித்துவிட்டுப் போனான். பச்சை வர்ணம் பூசினார்கள். காய மாட்டேன் என்கிறது.

ஆனி 22, ஞாயிறு

கம்பியோடு படியைப் படம் எடுத்துப் போட வேண்டும் என்றாள் செண்பகம். "நீங்க ரெண்டு பேரும் அதுல உக்காருங்க."

நான் பட்டு உடுத்தவில்லை. வெளிர் நீலச் சுங்குடிதான். டீச்சருக்கு அரக்குச் சேலை. கொண்டை நான் போட்டது. யார் எங்கே உட்காருவது என்று முதலிலேயே மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்காரி நான், ஒரு படி மேலே. அவர் ஒரு படி கீழே. இரண்டு பேர் முகமும் தெரியும், ஆனால் யார் வீடு என்பதும் தெரிந்துவிடும்.

அவர் போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார், நான் சொல்லாமலே. நான் மேல்படியில் உட்காரப் போனபோது பாழாய்ப்போன முழங்கால் மடங்கவில்லை. கம்பியைப் பிடிக்கலாம் என்றால் வர்ணம் ஒட்டியது. அந்தரத்தில் நின்றேன். அவர் இடது கையை நீட்டினார்.

"பிடிங்க மதினி. இதாவது மிஞ்சியிருக்கு."

"இதையும் ஒடிச்சிட்டா உங்களுக்குச் சோறூட்டுறது யாரு மதினி?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து சிரித்துவிட்டார், பல் செட்டு தெரிய. நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுத்திவிட்டாள்.

பிறகு ஒழுங்காக உட்கார வைத்தும் சில படம் எடுத்தாள். மேலே நான், கீழே மதினி. எல்லாம் ரேஷன் கார்டுப் படம் மாதிரி இருக்கிறது. முதல் படத்தில் என் முந்தானை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. உள்ளங்கையில் பச்சை வர்ணம். அவர் கையில் மாவுக்கட்டு. யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. யார் வீடு என்றும் தெரியாது.

செண்பகம், இந்தப் பக்கத்தைத் திறந்து உன் மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். மதினியும் வருகிறார். இந்தப் பக்கத்தை மட்டும் படி, முன்னால் புரட்டாதே.

வெறும் வாசல் படத்தை எடுத்துவிட்டு அந்த முதல் படத்தைப் போடு. மஞ்சளில் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடாதே, நாலிலும் அதே படம் இருக்க வேண்டும். அடியில் பெயர் எழுதும்போது மட்டும் என் பெயரை முதலில் எழுது. மதினியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.